சாப்பிட்டது எங்கே போச்சு?

கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாகச் சென்னைக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? கங்கைகொண்ட சோழபுரத்தைத் தாண்டிய கையோடு ஓர் ஊர் வரும். மீன்சுருட்டி. அரியலூர் மாவட்டம். சுற்றுவட்டாரத்தில் முந்திரித் தோப்புகள். ராஜேந்திர சோழனின் தலைநகருக்குப் பக்கத்து ஊர். ஜன்னலோர சீட்காரர்கள் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வதற்குள் ஊர் வந்து போய்விடும்.

இந்த வாரம் நாம் பார்க்கப் போகிற சரித்திரத்தில் ராஜா கிடையாது. கோட்டை கிடையாது. ஒரே ஒரு மாத்திரைதான்.

மீன்சுருட்டிப் பக்கம் ஒரு பெண் உண்டாகியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா அவள் கையில் ஒரு மாத்திரைப் பட்டையைக் கொடுப்பார். ‘ரத்தம் ஊற மாத்திரை’ என்பார். இரும்புச் சத்து இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கூடவே இன்னொரு சரக்கும் இருக்கிறது. ஃபோலிக் அமிலம். எவ்வளவு? 500 மைக்ரோகிராம். அதாவது அரை மில்லிகிராம். ஒரு மிளகின் எடையில் துளியூண்டுதான்!

இந்த அரை மில்லிகிராமுக்குப் பின்னால் திருவல்லிக்கேணியில் படித்த ஓர் ஏழை மாணவர் இருக்கிறார். குன்னூருக்கு வந்த ஓர் ஆங்கிலேயப் பெண் டாக்டர் இருக்கிறார். ஊட்டியில் பிறந்த ஒரு வெள்ளைக்காரர் இருக்கிறார். வேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் வயிறு கழிந்தே செத்துப்போன, பேர் தெரியாத ஜனங்களும் இருக்கிறார்கள்.

எல்லோரையும் இணைக்கிற கேள்வி ஒன்றுதான். சாப்பிட்டது எங்கே போச்சு?

காமர்ஸ் படித்தவன் பாஷையிலேயே சொல்லிவிடுகிறேன். குடோன் வாசலில் சரக்கு வந்து இறங்குவது வேறு. ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறுவது வேறு. லாரி தினம் வருகிறது, மூட்டை இறங்குகிறது, ஆனால் கணக்கில் மட்டும் சரக்கு ஏறவே இல்லை என்றால் என்ன அர்த்தம்? நடுவில் எங்கோ ஓட்டை! உடம்பிலும் அப்படித்தான். வாய் என்பது வாசல். வயிறு என்பது இறக்கி வைக்கிற திண்ணை. உண்மையில் கணக்கில் ஏற்றுகிறவர் சிறுகுடல். ஏறக்குறைய 20 அடி நீளம். அதன் உள்சுவரில் விரல் விரலாக, கண்ணுக்குத் தெரியாத குடலுறிஞ்சிகள். அத்தனையையும் பிரித்து விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பழைய புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். 2014-ல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் மறுபடி அளந்து பார்த்துவிட்டு, ‘அவ்வளவெல்லாம் இல்லை, சுமார் 30 சதுர மீட்டர்’ என்றார்கள். அதுவே ஒரு பெரிய ஹாலுக்குச் சமம்.

இந்த விரல்கள் மழுங்கிப்போனால்? மூன்று வேளை சாப்பிட்டாலும் ஆள் இளைப்பார். வெளுத்த, எண்ணெய்ப் பசையோடு, நாற்றமெடுக்கிற பேதி போகும். நாக்கு சிவந்து வழவழவென்றாகி எரியும். ரத்தம் குறையும். கால் வீங்கும்.

இது இன்று நேற்று வந்த வியாதி அல்ல. ஆயுர்வேதத்தில் இதற்கு கிரஹணி என்று பேர். நம்மூர் சித்த வைத்தியத்தில் கிராணி. உணவைச் செரிக்கும்வரை பிடித்து வைத்துக்கொள்கிற உறுப்பு பலவீனமாகி, செரிக்காததை அப்படியே வெளியே விடுகிறது என்பது சரகர் காட்டுகிற கணக்கு. மைக்ராஸ்கோப் இல்லாத காலத்தில் இவ்வளவு யோசித்ததே பெரிய விஷயம்.

வெள்ளைக்காரர்கள் பக்கம் வருவோம். 1759-ல் பார்படாஸ் தீவில் டாக்டராக இருந்த வில்லியம் ஹிலாரி இந்த வியாதியை விவரமாக எழுதி வைத்தார். 1880-ல், சீனாவில் வேலை பார்த்த பேட்ரிக் மேன்ஸன், டச்சுக்காரர்கள் ஜாவாவில் புழங்கிய ஒரு வார்த்தையை ஒட்டி இதற்கு ‘ஸ்ப்ரூ’ என்று பேர் வைத்தார். கிழக்கு நாடுகளுக்குப் பிழைக்க வந்த ஐரோப்பியர்களைப் பிடிக்கிற வியாதியாகவே இதை அவர்கள் அதிகமும் பார்த்தார்கள். வெறும் பால், பழம் என்று பத்தியம் போட்டார்கள். முடியாவிட்டால், ‘கப்பல் ஏறி ஊருக்குப் போ’ என்றார்கள்.

ஊரே இதுதான் என்கிறவன் எங்கே போவான்?

அப்படி ஒரு குடும்பம் பீமாவரத்தில் இருந்தது. அன்றைய சென்னை மாகாணம், இன்றைய ஆந்திரா. அந்த வீட்டில் 1895-ல் பிறந்தவர் எல்லாப்ரகட சுப்பாராவ். படிப்பில் புலி என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். சென்னை திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் சேர்ந்து, மெட்ரிகுலேஷனை மூன்றாவது முயற்சியில்தான் பாஸ் செய்தார். அப்பா இறந்துபோக, அம்மா நகையை விற்றுப் படிக்க வைத்தார். பிரசிடென்சி கல்லூரி, அப்புறம் சென்னை மருத்துவக் கல்லூரி.

காந்தி பேச்சைக் கேட்டு, ஆபரேஷன் தியேட்டருக்குள்ளும் கதர் உடையில் போய் நின்றார் சுப்பாராவ். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்குப் பிடிக்கவில்லை. விளைவு? எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு படி கீழே, எல்.எம்.எஸ்.

அந்தக் காலகட்டத்தில்தான் வீட்டில் இடி விழுந்தது. அண்ணன் தம்பி என்று இரண்டு சகோதரர்கள், சில நாள் இடைவெளியில், அடுத்தடுத்து இறந்துபோனார்கள். காரணம், ஸ்ப்ரூ. கொஞ்ச நாளில் அதே வியாதி சுப்பாராவையும் பிடித்தது. இங்கிலீஷ் மருந்தெல்லாம் கைவிட்டபோது, சென்னையில் பிரபலமாக இருந்த டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேத வைத்தியத்தில் பிழைத்தார். பிழைத்தவர் அவருடைய ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறு பாடம் எடுக்கச் சேர்ந்தார். அப்புறம் 1920-களின் தொடக்கத்தில், தர்ம ஸ்தாபனம் கொடுத்த உதவியும் மாமனார் வீட்டுப் பணமுமாக, அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். வீட்டில் கர்ப்பிணி மனைவி. சீக்கிரம் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனவர், கடைசிவரை திரும்பவே இல்லை.

அவர் பாஸ்டனில் ஆஸ்பத்திரி வேலை பார்த்தபடி படித்துக்கொண்டிருக்கட்டும். நாம் பம்பாய் போவோம்.

1928. லூஸி வில்ஸ் என்கிற இங்கிலாந்துப் பெண் டாக்டர் பம்பாயில் வந்து இறங்கினார். பஞ்சாலையில் வேலை பார்க்கிற ஏழைப் பெண்கள் கர்ப்பகாலத்தில் ரத்தம் சுண்டிச் செத்துக்கொண்டிருந்தார்கள். என்ன காரணம் என்று பார்க்கத்தான் அவரை வரவழைத்திருந்தார்கள். கிருமியா என்று தேடினார். இல்லை. என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். விஷயம் அங்கே இருந்தது. வசதியுள்ள வீட்டுப் பெண்களுக்கு இந்த வியாதி அவ்வளவாக இல்லை.

1929-ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார் வில்ஸ். 1931-ல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். ஆமாம், இன்றைய கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரிதான். அதே திருவல்லிக்கேணிப் பக்கம்! சுப்பாராவ் நடந்த தெருக்கள்.

எலி, குரங்கு என்று சோதனை போய்க்கொண்டிருந்தது. ரத்தசோகை பிடித்த குரங்குகளுக்கு எதைக் கொடுத்தாலும் சரிவரவில்லை. போகிற போக்கில் மார்மைட்டைக் கொடுத்துப் பார்த்தார். மார்மைட் என்றால் வெள்ளைக்காரர்கள் ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிற கறுப்புக் களிம்பு. ஈஸ்ட்டிலிருந்து எடுப்பது. குரங்கு தேறியது! பெண்களுக்குக் கொடுத்தார். அவர்களும் தேறினார்கள். 1931-ல் கட்டுரை வெளியானது. மார்மைட்டுக்குள் ஏதோ ஒன்று இருக்கிறது. என்ன அது? யாருக்கும் தெரியவில்லை. ‘வில்ஸ் காரணி’ என்று மட்டும் பேர் வைத்தார்கள்.

பத்து வருஷம் கழித்து அமெரிக்காவில், டெக்ஸாஸில், மூன்று பேர் 4 டன் பசலைக்கீரையை அரைத்து வடிகட்டி, அதிலிருந்து துளியூண்டு ஒரு சத்தைப் பிரித்தார்கள். இலையிலிருந்து வந்ததால் ஃபோலிக் அமிலம் என்று பேர். லத்தீனில் ஃபோலியம் என்றால் இலை. அந்த மூவரில் ஒருவர் ரோஜர் வில்லியம்ஸ். அவர் 1893-ல் பிறந்த ஊர் எது தெரியுமோ? ஊட்டி! பாதிரியார் குடும்பத்துப் பிள்ளை.

ஆனால் 4 டன் கீரைக்குத் துளியூண்டு சத்து என்றால் எத்தனை நோயாளிக்குக் கொடுக்க முடியும்? ஆலையில் செய்ய வேண்டும். அதற்கு அந்த அணுக்கூட்டம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும்.

இங்கேதான் நம் சுப்பாராவ் திரும்ப வருகிறார். ஹார்வர்டில் வருஷக்கணக்காக உழைத்தும் உரிய இடம் கிடைக்காமல், 1940-ல் லெடர்லே என்கிற மருந்துக் கம்பெனிக்குப் போனார். சீக்கிரமே ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமையேற்றார். அவருடைய குழு ஈரலிலிருந்து அதே சத்தைப் பிரித்தெடுத்தது. 1945-ல் அதைச் செயற்கையாகவே தயாரித்துக் காட்டியது. அடுத்த ஓரிரு வருஷங்களில் கியூபாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். நாக்குப் புண் ஆறியது. பசி எடுத்தது. ரத்தம் ஊறியது.

இரண்டு சகோதரர்களைத் தின்ற வியாதிக்கு, மூன்றாவது சகோதரர் மருந்து செய்துவிட்டார். சினிமாவில் வந்தால் ‘ரீல் விடறான்’ என்போம். நடந்தது!

ஆனால் சரித்திரம் இங்கே ‘சுபம்’ போடவில்லை. ஃபோலிக் அமிலத்தை எல்லா ரத்தசோகைக்கும் கொடுக்க ஆரம்பித்தபோது ஒரு வில்லங்கம் முளைத்தது. சில பேருக்கு ரத்தம் ஊறியது, ஆனால் கால் மரத்தது, நடை தள்ளாடியது. அவர்களுக்கு உண்மையில் குறைவாக இருந்தது வேறொரு சத்து. 1948-ல்தான் அது பிரித்தெடுக்கப்பட்டது. வைட்டமின் பி12. அது குறைந்த உடம்பில் ஃபோலிக் அமிலத்தை மட்டும் ஊற்றினால் ரத்தப் பரிசோதனை அழகாக வரும், நரம்பு மட்டும் உள்ளே நைந்துகொண்டே போகும். கணக்கு டேலி ஆகிவிட்டது என்பதற்காகப் பெட்டியில் பணம் இருக்கிறது என்று அர்த்தமில்லை! எது குறைகிறது, எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்காமல் மருந்து கொடுக்கக் கூடாது என்ற பாடத்தை டாக்டர்கள் அப்போது கற்றுக்கொண்டார்கள்.

எங்கே ஒழுகுகிறது என்பதைக் கண்டுபிடிக்கும் விதமே தனி துப்பறியும் கதை. இரும்பும் ஃபோலிக் அமிலமும் பெரும்பாலும் சிறுகுடலின் மேல் பகுதியில் உறிஞ்சப்படுகின்றன. பி12 மட்டும் கடைக்கோடியில். ஆக, எது குறைகிறதோ அதை வைத்து எந்த வட்டாரத்தில் திருட்டு என்று ஊகிக்கலாம். மூன்று நாள் மலத்தைச் சேகரித்து, அதில் எவ்வளவு கொழுப்பு வீணாகிப் போகிறது என்று அளப்பார்கள். சைலோஸ் என்ற சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வைத்து, ஐந்து மணி நேரச் சிறுநீரைப் பிடிப்பார்கள். இந்தச் சர்க்கரைக்குச் செரிமானம் தேவையில்லை. குடல் சுவர் ஒழுங்காக இருந்தால் உள்ளே போய்ச் சிறுநீரில் வரவேண்டும். வரவில்லையா, சுவரில் கோளாறு. இது சரியாக வந்தும் கொழுப்பு மட்டும் வீணாகிறதா, கணையத்தைச் சந்தேகப்படு. 1957-ல் கிராஸ்பி என்கிற அமெரிக்க ராணுவ டாக்டரும் கூட்டாளியும் ஒரு குட்டி உலோகக் குளிகையைச் செய்தார்கள். மெல்லிய குழாயின் நுனியில் கட்டி விழுங்க வைப்பார்கள். உள்ளே போனதும் குழாயில் காற்றை உறிஞ்சினால், குளிகைக்குள் இருக்கிற குட்டிக் கத்தி குண்டூசித் தலையளவு சதையைக் கத்தரித்து எடுத்து வரும். வயிற்றைக் கிழிக்காமலே குடலைக் கண்ணால் பார்க்கும் காலம் வந்துவிட்டது.

இந்தக் கருவிகள் எல்லாம் நம் கிராமத்து மண்ணுக்கே வந்தன. எதற்காக என்பதுதான் கொடுமை.

1960-களின் தொடக்கம். அப்போதைய வட ஆற்காடு மாவட்டம். கிராமம் கிராமமாக ஜனங்களுக்கு வயிற்றுப்போக்கு. காலரா மாதிரி வந்து இரண்டு நாளில் முடிகிற சமாசாரம் இல்லை. வாரக்கணக்கு, மாதக்கணக்கு. ஆரோக்கியமாக ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவன் எலும்பும் தோலுமாகிறான். நாக்கு புண்ணாகிறது. கால் வீங்குகிறது. ஆயிரக்கணக்கானவர்கள் படுத்தார்கள். ஏராளமானவர்கள் எழுந்திருக்கவே இல்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ.மாத்தனும் இதைக் கையில் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து நோயாளியை எதிர்பார்க்கவில்லை. கிராமத்துக்கே போய், வீடு வீடாக, யாருக்கு எப்போது வந்தது என்று குறித்தார்கள். குழந்தைகளைவிடப் பெரியவர்களை அதிகம் பிடித்திருந்தது. ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் அதே வீட்டில் அடுத்தவருக்கும் வந்தது. சாப்பாட்டில் புதிதாக எந்த மாற்றமும் இல்லை.

‘சோத்துக்கு வழியில்லாம வந்த நோய்’ என்று கைகழுவிவிடுவது அதுவரை சுலபமாக இருந்தது. வேலூர்க்காரர்களின் கணக்கு அதை உடைத்தது. இது ஏதோ தொற்று. வெள்ளைக்காரனின் வியாதியும் அல்ல. பட்டினியின் விளைவு மட்டும் என்றும் தள்ளிவிட முடியாது. முதலில் குடலைக் கெடுக்கிறது. அப்புறம் கெட்ட குடல் ஆளைப் பட்டினி போடுகிறது!

எந்தக் கிருமி? தேடினார்கள், தேடினார்கள்... 1975-ல் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் மலத்தை வைத்துப் பார்த்தபோது, சுற்றிலும் முள் முளைத்த துகள்கள் தெரிந்தன. கொரோனா வைரஸ் போன்ற துகள்கள்! நாமெல்லாம் 2020-ல் கேள்விப்பட்ட பேர், வேலூரில் 45 வருஷம் முன்பே அடிபட்டது. ஆனால் ஆரோக்கியமானவர்களின் மலத்திலும் அதே துகள்கள் இருந்தன. ‘பிடித்துவிட்டோம்’ என்று அவர்கள் தம்பட்டம் அடிக்கவில்லை. குற்றவாளி இன்றுவரை பிடிபடவில்லை. ஃபோலிக் அமிலத்தோடு டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்கைச் சில மாதங்கள் கொடுத்தால் பெரும்பாலோர் குணமாகிறார்கள் என்பது தெரிந்தது. அந்தப் பெரிய கொள்ளைநோய்களும் மெல்ல மறைந்துபோயின.

வேலூர்க்காரர்கள் கண்ட இன்னொரு விஷயம்தான் தூக்கிவாரிப் போடுகிறது. நோயாளிகளோடு ஒப்பிட, வியாதியே இல்லாத கிராமத்து ஜனங்களையும் சோதித்தார்கள். பலருக்கும் குடல் விரல்கள் மழுங்கியிருந்தன. சைலோஸ் சோதனையில் தேறவில்லை. ‘இந்தியர்களின் குடலே இப்படித்தானோ?’ என்று கேட்கத் தோன்றும். பதில் 1966-ல் கிடைத்தது. கிழக்குப் பாகிஸ்தானில், அதாவது இன்றைய வங்கதேசத்தில், சேவை செய்ய வந்த அமெரிக்க இளைஞர்களைச் சோதித்தார்கள். இங்கே சில மாதம் வாழ்ந்ததில் அவர்கள் குடலும் அதே மாதிரி மழுங்கியிருந்தது! ஊருக்குத் திரும்பிய பிறகு மெல்லச் சரியானது. ஆக, குறை ரத்தத்தில் இல்லை. ஜாதியில் இல்லை. குடிக்கிற தண்ணீரிலும் மிதிக்கிற மண்ணிலும் இருக்கிறது.

குழந்தைகள் வயசுக்கேற்ற உயரம் வளராமல் போவதற்கு இந்த மழுங்கிய குடலும் ஒரு காரணமோ என்று இப்போது உலகமே தேடுகிறது. 2009-ல் எட்டு நாடுகளில் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியில் வேலூரும் ஓர் இடம். கக்கூஸ் கட்டி, தண்ணீரில் குளோரின் போட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2018-ல் வங்கதேசத்திலும் கென்யாவிலும் செய்து பார்த்த பெரிய சோதனைகளில், அந்த அளவு சுத்தத்தால் மட்டும் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. ஒப்புக்குச் சுத்தம் போதாது, ஊரையே முழுசாகச் சுத்தம் செய்யணும் என்கிறார்கள் பல நிபுணர்கள்.

இதற்கு நடுவே, பட்டணத்தில் நம் தட்டுக்கு வந்த கதையும் ஒன்று உண்டு. சீலியாக் என்கிற வியாதி. சிலர் உடம்புக்குக் கோதுமையில் இருக்கிற க்ளூட்டன் ஆகாது. சாப்பிட்டால் குடல் விரல்கள் உதிரும். ஹாலந்து குழந்தை மருத்துவர் டிக்கே கோதுமை மேல் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாம் உலகப்போரில், 1944-45 பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது, மற்றவர்கள் வாட, இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி வந்ததும் மறுபடி படுத்தார்கள்! இந்தியாவில் 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, வடக்கே ஆயிரத்துக்கு 8 பேருக்கு மேல் இது இருக்கிறது. தெற்கே பத்தாயிரத்துக்கு ஒருவர் அளவில்தான். நம் இட்லியும் சோறும் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று சொல்லலாம். ராத்திரிக்கு ராத்திரி சப்பாத்தி, பரோட்டா என்று மாறிக்கொண்டிருக்கிற நாம் இதையும் மனசில் வைத்திருப்பது நல்லது. இப்போது இதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. உறுதி செய்ய எண்டோஸ்கோப்பியில் சிறு சதை எடுத்துப் பார்க்கிறார்கள். ஒரு எச்சரிக்கை. பரிசோதனைக்கு முன்பே நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிட்டால், முடிவு தப்பாக வரும்.

சுப்பாராவ் என்ன ஆனார் என்று சொல்லாமல் விட்டால் பாவம். யானைக்கால் நோய்க்கு நம் ஊர் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகக் கொடுத்தார்களே ஒரு மாத்திரை, டிஇசி, அதுவும் அவருடைய குழுவில் பிறந்ததுதான். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முதன்முதலில் வேலை செய்த மருந்தும் அவர்கள் செய்து கொடுத்ததுதான். 1948 ஆகஸ்ட்டில், 53 வயதில், நியூயார்க் பக்கத்தில் தூக்கத்திலேயே மாரடைப்பில் இறந்தார். 1995-ல் நம் அரசாங்கம் அவருக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். மருமகளோ, வயசான அப்பாவோ, காலேஜ் போகிற பையனோ. சாப்பிட்டும் இளைக்கிறார். எத்தனை டானிக் குடித்தாலும் ரத்தம் ஏறவில்லை. மாதக்கணக்கில் வயிறு சரியில்லை. ‘ஒழுங்கா சாப்பிட்டாத்தானே உடம்புல ஒட்டும்’ என்று நாம் ஆளுக்கொரு வசனம் பேசுகிறோம். அவர் ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறார். ஒட்டவில்லை என்பதுதான் வியாதியே. வசனத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.